இரவில் திறந்திருந்த கம்ப்யூட்டர் அறை

செயலாளர் கொடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

டொனால்ட் கனூத், 1956-இல் அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் நகரத்துக் கேஸ் கல்லூரியில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தவர். அங்கே ஐபிஎம் 650 கம்ப்யூட்டர் இருந்தது. அதன் நினைவகத்தில் 2,000 எண்கள்தான் நிற்கும். நான் வங்கியில் எழுதிய லெட்ஜர்கூட அடங்காது! புரோகிராமை அட்டையில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். மாணவர்களை இரவில் அதைத் தொட விட்டார்கள். கையேட்டில் இருந்த புரோகிராமைப் பார்த்தவர், இதைவிட நன்றாக எழுதலாமே என்று உட்கார்ந்துவிட்டார். கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களை மதிப்பிடவும் ஒன்று எழுதினார். பின்னாளில் தன் பெரிய நூல் வரிசையை அந்த இயந்திரத்துக்கே சமர்ப்பணம் செய்தார்.

நம் நூலக அறைக் கம்ப்யூட்டரை மாலை ஆறுக்கே பூட்டுகிறோம். பிள்ளைகள் கெடுத்துவிடுவார்களாம். ஒன்பது மணிவரை திறக்கலாமா? சாவிக்கு நான் பொறுப்பு.