பெரம்பூருக்கு 81 எழுத்து

பெரம்பூர்ல நண்பர் ஒருத்தர் உள்ளூர்ச் செய்திகளுக்குன்னே ஒரு வேர்ட்பிரஸ் தளம் நடத்துறார். தண்ணி லாரி எப்ப வரும், எந்தத் தெருவுல கரண்ட் இல்ல, சுரங்கப்பாதைல தண்ணி நிக்குதா, இந்த மாதிரி. போன மழைக்கு அவர் அனுப்பின லிங்க்கைப் பார்த்துட்டு எங்க தெரு அக்கா கேட்டாங்க: "என்ன தம்பி, வைரஸா?" லிங்க் முழுக்க சதவீதக் குறியும் எண்ணும்தான். யார் தொடுவாங்க?

காரணம் இதுதான். தலைப்புலேர்ந்து வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக் தயாரிச்சு, போஸ்ட் நேம்ங்கிற ஃபீல்டுல வைக்கும். அதுல இடம் 200 எழுத்துக்குத்தான். யூனிகோடுல தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். லிங்க்குல அது ஒன்பது எழுத்தா விரியும். புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'பெரம்பூர்' மட்டுமே 81. 'பெரம்பூர் ரயில் நிலையம்' 191! அதுக்கு மேல ஒரு தமிழ் எழுத்துகூட நுழையாது. அதனால அந்த மூணு சொல்லுல தொடங்கற எல்லாச் செய்திக்கும் ஒரே ஸ்லக், கடைசில 2, 3னு நம்பர் மட்டும் மாறும்.

இதைச் சரிபண்ண 'டபிள்யூபி இன்சர்ட் போஸ்ட் டேட்டா'ன்னு ஒரு ஃபில்டர் ஹூக் இருக்கு. 2008ல வந்த 2.7லேர்ந்தே இருக்கு. டேட்டாபேஸ்ல எழுதறதுக்குச் சற்று முன்னாடி, பதிவோட எல்லா ஃபீல்டையும் நம்ம கைல குடுக்கும். ஐ.சி.எஃப்.ல ரயில் பெட்டி நகர்ற மாதிரி நினைச்சுக்கோங்க. சீட் போடறவர் வேலையை முடிச்சு, பெட்டியை அடுத்த இடத்துக்குத் தள்ளியே ஆகணும். இங்க அதுதான் ரிட்டர்ன். அதை விட்டா, சேமிக்க வேண்டிய தகவலே போய்ச் சேராது.

சிலர் 'சேவ் போஸ்ட்' ஹூக்ல இதைச் செய்வாங்க. அது சேமிச்ச பிறகு ஓடற ஹூக். அதுக்குள்ள மறுபடி அப்டேட் பண்ணினா, அதே ஹூக் திரும்ப ஓடும், திரும்ப அப்டேட்... சர்வர் பாவம்.

நண்பருக்கு எழுதிக் குடுத்த ஃபங்ஷன் சின்னது. போஸ்ட் டைப் 'போஸ்ட்'டா, பப்ளிஷ் ஆகுதா, ஸ்லக்ல சதவீதக் குறி இருக்கா? மூணும் ஆமான்னா, ஆங்கில எழுத்துல ஊர்ப் பேரும் தேதியும். ஒரு கண்ணி இருக்கு: ஸ்லக் மோதுதான்னு பார்க்கற சோதனை இந்த ஃபில்டருக்கு முன்னாடியே முடிஞ்சிடும். ஒரே நாள்ல ரெண்டு செய்தி வந்தா, அந்தச் சோதனையை நாமளே மறுபடி கூப்பிடணும்.

முழுத் தமிழ் லிங்க்தான் வேணும்னு நினைக்கறவங்க ஸ்லக்கைக் கையால சுருக்கி எழுதலாம். 'பெரம்பூர்-குடிநீர்' தாராளமா அடங்கும். சதவீதக் குறி மட்டும் போகாது. ஏற்கெனவே வாட்ஸ்அப்ல சுத்தற பழைய லிங்க்குகளை நாங்க தொடல. பழைய ஸ்லக்லேர்ந்து புதுசுக்குத் திருப்பிவிடற வசதி வேர்ட்பிரஸ்லயே இருக்குதான். இருந்தாலும் மழை நேரத்துல அந்தப் பரிசோதனை வேணாம்னு விட்டுட்டோம்.