நோயினின்று மீண்டோர் கடமை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய என்னை இவ்வவையில் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருளோ என் உள்ளங்காலைப் பற்றியது. நகைக்க வேண்டா. யான் மருத்துவன் அல்லேன். ஆயினும், தோலில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகக் கொடியவற்றுள் ஒன்றாகிய மெலனோமா என்னும் நோய்க்கு ஆளாகி, மருத்துவர் கைத்திறத்தால் மீண்டு, உங்கள்முன் நிற்கின்றேன். அந்நோய் வாராதார்க்குச் சொல்லத்தக்கன சில. வந்து மீண்டார்க்குச் சொல்லத்தக்கன பல. பின்னவற்றையே சிறப்பாகக் கூற விழைகின்றேன். குற்றம் உளதாயின் பெரியோர் பொறுத்தருள்க.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை ஆக்கும் உயிரணுக்கள் வரம்பு கடந்து பெருகுமாயின் அதுவே மெலனோமா ஆகும். கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் வந்தது. இந்நோய் தோலின் மேற்பரப்பில் நிற்கும் வரை கத்தியால் நீக்கத்தக்கது. கீழே வேரோடிய பின்னரோ, நிணநீர் வழியாக நெறிகளிலும், குருதி வழியாக நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய உறுப்புகளிலும் சென்று தங்கும். அகலத்தினும் ஆழமே இந்நோயின் கொடுமையை அளக்கும் கோல் என்பதை 1970-ஆம் ஆண்டில் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போதே கண்டு நீக்கப்பெற்றவருள் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆகவே இந்நோயில் முந்திக் காண்பதே முதல் மருந்து.

"இது வெள்ளையர்க்கன்றோ வரும்? நம்மனோர்க்கு ஏது?" என வினவுவார் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி மெய்யே. வெண்ணிறத்தாரிடையே இந்நோய் பன்மடங்கு மிகுதி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உலகில் இந்நோய் மிக்க நாடுகள். அவர்க்கு வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரே தலையாய காரணம். நம் மேனியின் கருமை அக்கதிரை ஓரளவு தடுத்து நம்மைக் காக்கின்றது. ஆனால் வெயில் அவ்வளவாகத் தாக்காத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றும் மெலனோமா வகை ஒன்று உண்டு. அது மேனி நிறம் பார்த்து விலகுவதன்று. கறுத்த மேனியார்க்கு இந்நோய் வருமாயின் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே வருகின்றது. ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி என்பாருக்கு 1977-ஆம் ஆண்டில் கால் பெருவிரல் நகத்தின் அடியில் இது காணப்பெற்றது. 1981-ஆம் ஆண்டில், தம் 36-ஆம் வயதில், அதனாலேயே அவர் இறந்தார். ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1886-ஆம் ஆண்டிலேயே இதனைக் கருநிற நகச்சுற்று என விவரித்து எழுதினார். நம் வீடுகளிலோ இன்றும் வெறும் நகச்சுற்றென்று எண்ணி எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்துவிட்டு வாளா இருக்கின்றோம். நம்மனோர்க்கு இந்நோய் அரிது என்பது உண்மை; அரிது என்பதனாலேயே முற்றிய பின் கண்டுபிடிக்கப்படுகின்றது என்பதும் உண்மை.

என் வரலாற்றைக் கேளுங்கள். 2018-ஆம் ஆண்டில் என் இடக் குதிகாலில் எள்ளளவாக ஒரு கரும்புள்ளி தோன்றிற்று. உள்ளங்காலில் மச்சமுடையவன் ஊர் பல சுற்றுவான் என்று அண்டை வீட்டுப் பாட்டியார் மகிழ்ந்து கூறினார். பள்ளிக்கும் வீட்டுக்குமன்றி வேறெங்கும் சுற்றாத யானும் அதனை நம்பினேன். ஓராண்டில் அது மொச்சைக்கொட்டை அளவாயிற்று. ஓரம் மை கசிந்தாற்போல் ஒழுங்கின்றிப் பரவிற்று. அப்பொழுது அதனைக் கால் ஆணி என்றனர். எருக்கம்பால் வைத்தேன், பிளேடால் சீவினேன். குருதி கசிந்த பின்னரே மருத்துவரை நாடினேன். அவர் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து, மெலனோமா என்றார். குதிகாலின் தோலை ஆழ அகற்றி, தொடைத் தோலை எடுத்து அங்கு ஒட்டினர். பிள்ளைகளின் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டும் யான், என் காலில் எழுதப்பட்டிருந்த பிழையை ஓராண்டு திருத்தாது விட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கின்றேன்.

இனி, மீண்டோர்க்குரிய பகுதிக்கு வருகின்றேன். மருத்துவமனையினின்று விடைபெற்றபோது, "மாதம் ஒருமுறை தலைமுதல் கால்வரை பாருங்கள், தழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தடவிப் பாருங்கள், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்" என்று மருத்துவர் அறிவுறுத்தினார். ஆறு மாதம் அவ்வாறே செய்தேன், பின்பு விட்டுவிட்டேன். அதற்குக் காரணம் சோம்பல் அன்று, அச்சமே. பார்த்தால் ஏதேனும் தென்படுமோ, பாராதிருந்தால் ஒன்றுமில்லை என்று எண்ணியிருக்கலாமே என்னும் பேதைமை! நோயினின்று மீண்டார் பலரிடத்தும் இவ்வச்சம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன்.

என் இல்லாள் இதனை உணர்ந்துகொண்டாள். ஒரு சனிக்கிழமை யான் எண்ணெய் தேய்த்துக்கொள்ள அமர்ந்தபோது, கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, "உங்களுக்குப் பார்க்க அச்சமானால் இருக்கட்டும், நான் பார்க்கிறேன். காலை நீட்டுங்கள்" என்றாள். அன்று முதல் அது எங்கள் இல்லத்து வழக்கமாயிற்று. 2021-ஆம் ஆண்டில் ஒருநாள், இடத் தொடை இடுக்கில் சுண்டைக்காய் அளவாக ஒரு நெறி இருத்தலைக் கண்டாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, காலில் புண்ணும் இல்லை. காரணமின்றிக் கட்டிய அந்நெறியில் நோய் இருந்தது. அதனை நீக்கி, உடலின் தற்காப்பு ஆற்றலுக்குள்ள தடையை நீக்கும் மருந்தை ஓராண்டு ஏற்றினர். அத்தகைய மருந்துகளுள் முதலாவது 2011-ஆம் ஆண்டிலேதான் இந்நோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. அவற்றுக்கு அடிகோலிய ஆலிசன், ஹோஞ்சோ என்னும் அறிஞர் இருவர் 2018-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அவ்வறிஞர்க்கு யான் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன். எனினும், என் இல்லாள் அன்று பாராதிருந்தால் அம்மருந்துக்கு வேளை தவறியிருக்கும்.

ஆதலின் நோயினின்று மீண்டோரை யான் வேண்டிக்கொள்வது இது: ஆடவர்க்குச் சனி, மகளிர்க்கு வெள்ளி என்று நம் முன்னோர் எண்ணெய் நீராட்டுக்கு நாள் வகுத்துள்ளனர். மாதத்தின் முதல் எண்ணெய் நீராட்டு நாளை உடற்பார்வைக்கும் உரிய நாளாக்கிக் கொள்ளுங்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசுவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில், கால் நாழிகை ஒதுக்கினால் போதும். தலைமயிரைச் சீப்பால் வகிர்ந்து பாருங்கள். காதின் பின்புறம், கழுத்து, முதுகு, அக்குள், விரலிடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், நகங்கள் ஆகிய ஒன்றையும் விடாதீர்கள். முதுகுக்கு இரு கண்ணாடிகள் வேண்டும். அல்லது இல்லத்தார் ஒருவர் கண் வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் நகத்தை மறைக்கும். மெட்டி விரலை மறைக்கும். அவற்றையும் நினைவிற் கொள்ளுங்கள்.

எதனைத் தேடுவது? நியூயார்க் நகரத்து மருத்துவர் சிலர் 1985-ஆம் ஆண்டில் நான்கு குறிகளைத் தொகுத்தனர். பின்னர் ஐந்தாவது ஒன்று சேர்ந்தது. இரு பாதியும் ஒவ்வாமை, ஓரம் ஒழுங்கின்மை, ஒரே புள்ளியில் பல நிறம் காணுதல், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், நாளடைவில் மாறுதல் என்பன அவை. இவற்றுள் மாறுதலே தலையாயது. நகத்தில் நெடுக ஓடும் கருங்கோடு அகலுமாயினும், அக்கருமை நகத்தைக் கடந்து தோலிற் படருமாயினும், ஆறாத புண் காலில் இருக்குமாயினும் காலம் தாழ்த்தலாகாது. எல்லா மெலனோமாவும் கருமையாகவே இருக்கும் என்பதும் இல்லை. செந்நிறமாக இருப்பனவும் உள. ஐயமுள்ள புள்ளியின் அருகே அளவுகோலை வைத்துக் கைப்பேசியால் படமெடுத்து, தேதி குறித்து வையுங்கள். மறதிக்கு இடமின்றி அடுத்த மாதம் ஒப்பிடலாம். இவ்வுடற்பார்வை மருத்துவரிடம் செல்வதற்கு மாற்று அன்று. அவர் குறித்த நாளில் தவறாது செல்லுதலும் வேண்டும். ஒருமுறை இந்நோய் வந்தார்க்கு வேறோரிடத்தில் புதிதாகத் தோன்றும் வாய்ப்பும் பிறரினும் மிகுதி. அவருடன் பிறந்தாரும் மக்களும் தம் உடலைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

வெயிலைப் பற்றியும் உள்ளதை உள்ளவாறே கூறுவேன். என் குதிகால் நோய்க்கு வெயில் காரணமன்று. அப்பழியை அதன்மேல் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் ஒருமுறை நோயுற்றவன் மற்றொரு காரணத்தைத் தானே தேடிக்கொள்ளலாகாது. கறுத்த மேனியும் கடுவெயிலில் புண்படும். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்னும் ஊரில் 1992-ஆம் ஆண்டு தொடங்கி 1621 பேரை ஆராய்ந்தனர். ஒரு பகுதியார் நாள்தோறும் வெயில் தடுப்புக் களிம்பு பூசினர். மறுபகுதியார் தம் விருப்பம்போல் நடந்தனர். 2006-ஆம் ஆண்டு வரை நோக்கியதில் முன்னவருள் 11 பேர்க்கும், பின்னவருள் 22 பேர்க்கும் மெலனோமா தோன்றிற்று. சட்டையணிக, களிம்பு பூசுக, தொப்பியிடுக என்னும் மூன்றையும் அந்நாட்டார் 1981-ஆம் ஆண்டு முதல் சிறுவர்க்கும் பாட்டாகக் கற்பித்து வருகின்றனர். தொப்பியின்றி வரும் பிள்ளைகளை வெயிலில் விளையாட விடாத பள்ளிகள் அங்குப் பல. மெல்பேர்ன், சிட்னி முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நம் உறவினர் அந்நாட்டு வழக்கத்தைத் தாமும் கைக்கொள்வாராக. இங்குள்ளார்க்குக் காலை 10 மணிமுதல் மாலை 4 மணிவரை நிழலும், நெருங்க நெய்த முழுக்கைச் சட்டையும், குடையும் போதிய காவலாம். நோயினின்று மீண்டோர் வெளியிற் செல்லுங்கால் முகத்துக்கும் கைக்கும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத களிம்பை இரண்டு மணிக்கு ஒருமுறை பூசுவாராக. ஆண்மகன் குடை பிடிப்பது இழுக்கென்று கருதுவார் என் காலின் தழும்பை வந்து காண்க.

தாய்மார்களே! இறுதியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். நோயினின்று மீண்டவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், "பார்த்தீர்களா?" என்று வினவுவதோடு நில்லாதீர்கள். அவர் அச்சத்தால் "பார்த்தேன்" என்று பொய் சொல்லுதல் கூடும். யானே மும்முறை சொல்லியிருக்கின்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, நீங்களே பாருங்கள்.