வேளாண் ஆராய்ச்சியில் கணிப்பொறியாளரின் பணி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாய் உழுது, நட்டு, அறுத்தவர்கள். ஆயினும் விளைச்சலைக் குறித்து வைக்கும் ஏடு அவர்கள் கையில் இருந்ததில்லை. ஏடு யாரிடம் உள்ளதோ அவர் சொல்வதே கணக்காகிறது. ஆதலின், வேளாண் ஆராய்ச்சியின் கணக்குகளைக் காக்கும் கணிப்பொறியாளரின் பணியை நாம் இன்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னுமிடத்தில், பிராட்பால்க் என்ற வயலில், 1843ஆம் ஆண்டு லாஸ், கில்பர்ட் ஆகிய இருவர் கோதுமைச் சோதனையைத் தொடங்கினர். ஒரு துண்டுக்குத் தொழுவுரம். சிலவற்றுக்கு இரசாயன உரம். ஒன்றுக்கு எவ்வுரமும் இல்லை. அச்சோதனை இன்றளவும் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் குவிந்த எண்களை ஆராய 1919இல் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் அங்கு அமர்த்தப்பட்டார். 1954இல், யேட்ஸ் என்பவர் புள்ளியியல் துறைக்குத் தலைவராயிருந்த காலத்தில், எலியட் 401 என்னும் கணிப்பொறி அங்கு வந்து சேர்ந்தது.

கணிப்பொறி கூட்டும், பெருக்கும். எண்ணின் பொருளைத் தானே அறியாது. பழைய ஏடுகள் ஏக்கருக்கு இத்தனை புஷல் என்று கூறும். புதியவை எக்டேருக்கு இத்தனை டன் என்று கூறும். 1968இல் அவ்வயலில் நெட்டைக் கோதுமைக்கு மாற்றாகக் குட்டை இரகம் விளைவிக்கப்பட்டது. இச்செய்தியை எண்ணோடு சேர்த்து வைக்காவிடில், இரகத்தால் வந்த மாற்றத்தை உரத்தால் வந்ததெனப் பின்வருவோர் மயங்குவர். எந்தத் துண்டு, எந்த ஆண்டு, எந்த விதை, எந்த அளவை என்பவற்றை எண்ணோடு பிணைத்து, நூறாண்டு கழிந்தும் தேடுவோர்க்குக் கிடைக்குமாறு காப்பதே தகவல் மேலாண்மை.

அதன் பயனைக் கேளுங்கள். அங்கே விளைந்த கோதுமையின் மாதிரிகளும் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. 1844 முதல் 2003 வரையிலான மாதிரிகளில், இலைநோய் தரும் இரு பூஞ்சைகளின் மரபணுத் தடயத்தை அறிஞர் தேடினர். அவற்றுள் எது மிகுந்தது என்பது காற்றில் கலந்த கந்தகப் புகையின் அளவைத் தொடர்ந்து மாறியதை 2005இல் வெளியிட்டனர். ஆண்டும் இடமும் குறித்த சீட்டு இல்லையேல், அது வெறும் வைக்கோலே அன்றோ?

பதிவின் மதிப்பு நமக்கும் புதிதன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலையை எழுதி அனுப்பினார். அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்கள் பிறர் கைக்குப் போனபின், மீட்க முயல்வோர் முதலில் தேடுவதும் பழைய பதிவேட்டையே.

இளைஞர்களே! வயலின் எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த விதை எப்போது கதிர்விடும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஏட்டில் ஓர் எண் பொய்யாயின் நம் கண்ணில் அது விரைவில் படும். கணிப்பொறிக் கல்வியை அவ்வறிவோடு சேர்த்துக் கற்போம். உழைத்த கையே ஏட்டையும் காக்கட்டும்.