வகுப்பறையைத் தாளில் வரைந்தபோது

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



என் எட்டாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். பள்ளி திறந்த அன்றே அவளுக்கு வாசல் ஓரமாக இடம் கொடுத்தேன். வந்துபோக வசதியாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன், அவளைக் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, தன் தோழியோடு உட்கார வேண்டும் என்று கேட்டாள். "உள்ளே வழி இல்லையேம்மா" என்றேன். உண்மையில் வழி இல்லையா என்று நான் அளந்து பார்த்ததே இல்லை. அப்போது விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். சரி, வகுப்பறையையே வரைந்து பார்ப்போம் என்று தொடங்கினோம்.

கட்டட வரைபடம் என்றதும் பொறியாளர் வேலை என்று நினைக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. வீடு கட்டும் மனையில் வானம் தோண்டுவதற்கு முன் மேஸ்திரி கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைச் சிறிதாக்கித் தாளில் போட்டால் அதுதான் பிளான். அறையை இடுப்பளவு உயரத்தில் கிடையாக அறுத்து, மேற்பகுதியை எடுத்துவிட்டு, நேர் மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னேன். புரிந்துகொண்டார்கள்.

முதலில் கையால் ஒரு உத்தேசப் படம் வரைந்தோம். பிறகு டேப்பால் அளந்து அதில் அளவுகளைக் குறித்தோம். அப்போது ஒரு மாணவன், "உள்ளளவா, வெளியளவா டீச்சர்?" என்றான். அவன் அப்பா கொத்தனார். சுவரின் கனம் 23 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் 46 செ.மீ. வித்தியாசம் வரும். நான் சொல்ல மறந்ததை அவன் கேட்டான்.

உள்ளளவு 6 மீட்டருக்கு 5 மீட்டர். மூலைகள் செங்கோணமா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தோம். இரண்டும் ஏறக்குறைய 7 மீட்டர் 81 செ.மீ. பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுப் பார்த்தபோதும் அதே விடை வந்ததும் வகுப்பில் கைதட்டல்.

1:50 அளவையில் 1 மீட்டர் என்பது தாளில் 2 செ.மீ. ஆகவே அறை 12 செ.மீ.க்கு 10 செ.மீ. நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும். சுவருக்கு இரட்டைக் கோடு. கதவுக்கு ஒரு கோடும், அது திறந்து மூடும் பாதைக்குக் கால் வட்டமும். இந்தக் கால் வட்டம்தான் முதல் தவறைக் காட்டியது. அது பீரோவின் மேல் ஏறி நின்றது! கதவு இத்தனை நாளும் முழுதாகத் திறக்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து டெஸ்க், பெஞ்சுகளை அதே அளவையில் அட்டையில் வெட்டினோம். 120 செ.மீ. நீள டெஸ்க் மூன்றை ஒரு வரிசையில் வைத்தால் 360. அறையின் அகலத்தில் மீதி 140. அதாவது இரண்டு நடைவழிகள், ஒவ்வொன்றும் 70. சக்கர நாற்காலியின் அகலம் 65. அட்டை நாற்காலியை நகர்த்திப் பார்த்துவிட்டு, "போகுது டீச்சர்!" என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவள் மட்டும், "கையை எங்கே வைக்கிறது?" என்று கேட்டாள்.

சக்கரத்தைத் தள்ளுவது கை. அந்தக் கைக்கு நாங்கள் இடமே வரையவில்லை. உருட்டிப் பார்த்து அளந்தோம், 90 செ.மீ. தேவைப்பட்டது. வகுப்பு முழுவதும் அட்டைகளை நகர்த்தியது. ஒரு வழியை 50 ஆகக் குறைத்து, மற்றதை 90 ஆக்கினார்கள். நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். என் மேசையை மூலைக்குத் தள்ளியதும் கரும்பலகை முன் அது கிடைத்தது. பீரோ பின்சுவருக்குப் போனது. நடுப்பத்தியில் ஒரு டெஸ்க்கை எடுத்ததில் அவள் நாற்காலி நுழைய இடம் வந்தது. தோழிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. மறுநாள் காலை பிள்ளைகளே வகுப்பறையை மாற்றிவிட்டார்கள். செலவு எதுவும் இல்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: அறையை அமைப்பது என்றால் பொருள்களை அடுக்குவது அல்ல, பொருள்களுக்கு நடுவே மனிதர் நடமாடும் வெற்றிடத்தை அமைப்பது. அந்த வெற்றிடம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அளவையோடு வரைந்தால் தெரிகிறது. வரைந்த பிறகும், அங்கே புழங்குபவரைக் கேட்காவிட்டால் படம் முழுமையாகாது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் தீப்பெட்டி, ஜாமெட்ரி பெட்டி இவற்றை மேலிருந்து பார்த்து வரையச் செய்யலாம்; அறையைக் காலடியால் அளக்கச் சொல்லலாம். உயர்நிலை வகுப்புகளில் சாய்தளத்தைக் கணக்காகக் கொடுக்கலாம். சரிவு 1:12 என்றால், 45 செ.மீ. உயரப் படிக்கு 5 மீட்டர் 40 செ.மீ. நீளம் வேண்டும். உங்கள் பள்ளிச் சாய்தளம் அந்த நீளம் இருக்கிறதா என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள்.

ஒரு டேப், கட்டம் போட்ட தாள், பழைய அட்டை, மூன்று பாடவேளை. இவ்வளவுதான் தேவை. நாளை வகுப்புக்குள் நுழையும்போது, உங்கள் கதவு முழுதாகத் திறக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.