முகநூலும் முகமும்

(சங்க ஆண்டு விழாவின் இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நான் இங்கு உபதேசஞ் செய்ய வரவில்லை. இருபத்திரண்டு வயதினன் ஒருவன் நரைத்த தலைகளுக்கு முன்னே நின்று உபதேசிப்பது அழகுமன்று. என்னுடைய குறையொன்றை முதலிற் சொல்லி, அதிலிருந்து கற்றதை உங்கள் முன் வைக்கவே விரும்புகின்றேன்.

நான் மிஷன் கல்லூரியொன்றிற் படித்தவன். எங்கள் வகுப்பினர் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னும் வட்ஸ்அப்பில் ஒரு குழுவாக இணைந்திருக்கின்றோம். எண்பது பேருக்கு மேல் உண்டு. சென்ற வருடம் எங்களில் ஒருவனுடைய தாயாருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரத்தம் தேவையென்று நண்பன் எழுதினான். ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிய கைகளும் சிவந்த இதயங்களும் வந்து குவிந்தன. நானும் கூப்பிய கையொன்றை அனுப்பிவிட்டு விரிவுரைக்குப் போய்விட்டேன். வைத்தியசாலைக்கு நேரிற் போனவர்கள் இருவர். அவ்விருவரும் அவனுடைய அயல்வீட்டார். எங்கள் குழுவில் இல்லாதவர்கள். இறையருளால் அந்த அம்மையார் சுகமடைந்தார். ஆயினும் நண்பனுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பல நாள் வெட்கமாயிருந்தது.

எங்களிடம் அன்பு இல்லாமற் போயிற்றா? இல்லை. எண்பது பேரும் வேறொருவர் போவாரென்று எண்ணினோம். அவ்வளவுதான். எல்லாரையும் அழைத்த அழைப்பு ஒருவரையும் அழைக்கவில்லை.

இதனைக் கேட்டு, கைத்தொலைபேசிதான் குற்றவாளியென்று பெரியோர் சிலர் தீர்ப்பளிக்கக்கூடும். அது முறையன்று. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் ஊரடங்கினால் வீடுகளுக்குள் அடைபட்டிருந்தபோது, உற்றாரின் முகத்தை எங்களுக்குக் காட்டியது அக்கருவியே. இனி, நட்புக்கு நேரிற் காணுதல் அவசியமில்லையென்றும், கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காணாமலே நண்பரானார்களென்றும் இளைஞர் சிலர் வாதிடக்கூடும். நல்ல உதாரணந்தான். ஆனால் அக்கதையின் முடிவை மறந்துவிடலாகாது. சோழன் வடக்கிருந்தபோது தன் நண்பருக்கென ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தான். பிசிராந்தையாரும் பாண்டிநாட்டிலிருந்து வந்து அவ்விடத்தை நிரப்பினார். காணாத நட்பும் வேளை வந்தபோது கால் கொண்டு நடந்தது.

ஆகவே, திரையில் அறிமுகமானவர்களை ஓரிடத்திற் கூட்டுவது எப்படி என்பதே வினா. இதற்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்கின்றேன்.

ரொபேர்ட் பட்னம் என்னும் பேராசிரியர் அந்நாட்டுச் சங்கங்கள் தேய்ந்து போவதை ஆராய்ந்தவர். 1980க்கும் 1993க்கும் இடையிற் பந்துருட்டி விளையாடுவோர் தொகை ஏறத்தாழ 10 வீதம் கூடியதென்றும், கழகமாகச் சேர்ந்து விளையாடுவது 40 வீதம் குறைந்ததென்றும் அவர் காட்டினார். 2000ஆம் ஆண்டில் இதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அடுத்த வருடம் செப்டெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க் நகரில் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. அந்நகரில் வாழ்ந்த ஸ்கொட் ஹைவர்மன் என்பவர், அதற்குமுன் ஒரு வார்த்தையேனும் பேசியிராத அயலாரோடு அந்நாட்களிற் பேசலானார். பட்னத்தின் நூலும் அவரைச் சிந்திக்க வைத்தது. 2002ஆம் ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து 'மீற்றப்' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கினார். ஒரே ஊரில் ஒரே விருப்பமுடையவர்களைக் கண்டுபிடித்து, ஒரு நாளையும் ஓர் இடத்தையும் குறித்து, அவர்களை நேரிற் சந்திக்கச் செய்வதே அதன் வேலை. மக்களைத் திரைமுன் இருத்தி வைப்பதன்று, திரையை விட்டு எழுப்புவதே அதன் நோக்கம்.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஹவார்ட் டீன் என்பவர் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றபோது, 2003இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆதரவாளர் இதன் வழியாகப் பதிவு செய்தனர், ஊரூராகக் கூடினர். ஆனால் 2004 ஜனவரியில் ஐயோவா மாநிலத்தில் அவர் மூன்றாம் இடத்தையே பெற்றார். ஒத்த கருத்துடையோர் கூடும்போது உற்சாகம் பெருகும்; அதற்காக, கூடியவர்களே முழு ஊரென்று எண்ணிவிடலாகாது.

எமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன் அவர்கள் வளைகுடா நாட்டில் இருந்துகொண்டே அதனைக் கட்டி வளர்த்தவர்களில் முதல்வர். பல தேசங்களிலிருந்து எழுதியவர்கள் ஒருவரையொருவர் பெயரளவிலேயே அறிந்திருந்தனர். 2013இல் அதன் பத்தாண்டு நிறைவுக்குச் சென்னையிற் கூடினார்கள். அவர்களைக் கட்டி வைத்திருந்தது வெறும் நலவிசாரணையன்று. எல்லாருங் கைவைத்த ஒரு வேலை. வேலையாற் பிணைந்தவர்கள் சந்திக்கும்போது பேச்சுக்குப் பஞ்சமிராது.

இவற்றிலிருந்து நான் அறிந்தவை மூன்று. முதலாவது, அழைப்பில் நாள், நேரம், இடம், வாயிலில் நின்று வரவேற்பவர் பெயர் ஆகிய நான்கும் இருக்கவேண்டும். "ஒரு நாளைக்குச் சந்திப்போம்" என்பது சந்திப்பதில்லை என்பதற்கு மறுபெயர். இரண்டாவது, கூடினாற் கைக்கு ஒரு வேலை வேண்டும். சிரமதானமாகலாம், இரத்ததானமாகலாம், சிறுவருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பதாகலாம். மூன்றாவது, புதிதாக வருபவர் மூலையில் தனித்து நிற்க விடப்படலாகாது. ஒருமுறை தனித்து நின்றவர் மறுமுறை வரமாட்டார்.

பெற்றோர் மனத்திலுள்ள அச்சமும் நியாயமானதே. திரையில் ஒரு பெயரும் படமும் காட்டுபவர் யாரென்று யார் அறிவார்? ஆகவே முதற் சந்திப்பு பலர் நடமாடும் பொது இடத்திற் பகல் வேளையில் நடக்கட்டும், வீட்டாருக்குச் சொல்லிவிட்டே செல்லட்டும், தனியே செல்லாதிருக்கட்டும். இவ்விதி சகோதரிகளுக்கு மாத்திரமன்று, எங்களுக்குமே. இத்தகைய மண்டபம் ஒன்று எமக்கு இருப்பது இந்தவகையிற் பெரும் பாக்கியம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். எமது சங்கத்துக்கும் ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் அதிற் குறைவின்றி நடக்கின்றன. மாதந்தோறும் முதலாம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு அக்குழுவினர் இம்மண்டபத்திற் கூடுவோம். பெரியோர்களும் வரவேண்டும், எங்களுக்குள் நாங்களே பேசிக்கொண்டிருந்தால் டீன் அவர்களுடைய அன்பர்களைப் போலாவோம். வெளிநாடுகளில் உள்ள அங்கத்தவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு மாலையை எங்களுக்குத் தரட்டும்.

வரவேற்பவர் பெயரைக் குறிக்கவேண்டுமென்று சொன்னேனல்லவா? முதற் கூட்டத்துக்கு வாயிலில் நிற்பவன் நானே. மூன்றரை மணிக்கே வந்து கதவைத் திறந்து, கதிரைகளை ஒழுங்கு செய்து வைப்பேன். நால்வர் வந்தாலும் நால்வரோடு தொடங்குவோம். கூப்பிய கைப் படத்தை மாத்திரம் எவரும் அனுப்பவேண்டாம், கையோடு வாருங்கள்.