நான்தான் நான் என்று நிரூபிக்கணுமுங்களா?



குசும்பு பிடித்த ஊர் என்று நம்ம கோவைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பேர். கவுண்டமணி, மணிவண்ணன், சத்யராஜ் என்று சினிமாவுக்குப் போனவர்கள் அந்தப் பேரை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டார்கள். பேக்கரி வாசலில் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, "ஏனுங்ணா, வண்டி புதுசாட்டத் தெரியுது, இங்க வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் வந்தீங்களா?" என்று ஒருத்தர் கேட்பார். அந்த வண்டி நிஜமாகவே கிளம்பாமல் நின்றுவிட்டால், தள்ளுவதற்கு முதலில் வருகிறவரும் அவர்தான். கேலி பண்ணினது யார், எந்த வீடு, அவங்க அப்பாரு யாரு என்பதெல்லாம் நமக்குத் தெரியும். மறுநாள் அதே பெஞ்சில் உட்கார்ந்து வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் நடக்கிற வம்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "அட விடுங்க, இதுவும் ஒரு குசும்புதானே" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே வம்பு பண்ணுகிறவனுக்கு முகம் இல்லை. சில சமயம் இன்னொருத்தர் முகத்தையே மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஆள்மாறாட்டத்தைப் பற்றித்தான்.

மொட்டைக் கடுதாசி நமக்குப் புதிதில்லை. நிச்சயம் ஆகப் போகிற சம்பந்தத்தைக் கலைக்க, பேர் போடாமல் ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும். வீட்டுப் பெரியவர் படித்துப் பார்ப்பார். கையெழுத்து இல்லை என்றதுமே அதன் மதிப்பில் பாதி போய்விடும். "பேர் போடத் தைரியமில்லாதவன் எழுதினதுக்கு என்ன பதில்?" என்று அடுப்பில் போட்டவர்கள் உண்டு. போலிக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. மொட்டைக் கடுதாசிக்குத் தலை கிடையாது. இதில் உங்கள் தலையே இருக்கும். உங்கள் பேர், உங்கள் போட்டோ, உங்கள் ஊர் எல்லாம் இருக்கும், பேசுகிறது மட்டும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

தமிழ் இணையத்தில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதில் கோவைக்கும் ஒரு பங்கு உண்டு. 2000-களின் தொடக்கத்தில் யாகூ குழுமங்களில் தமிழர்கள் கூடிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ என்று அந்தக் குழுக்களின் பேர்களே ஒரு திண்ணைத் தோரணையில் இருக்கும். பிறகு வலைப்பதிவுகள் வந்தன. யார் எங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி அலையாமல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிற திரட்டியாக 2004 ஆகஸ்டில் ‘தமிழ்மணம்’ வந்தது. அதை உருவாக்கியவர் நம்ம கோவைக்காரர் காசி ஆறுமுகம். சிங்கப்பூரில் ஒருவர் எழுதுவார், ஈரோட்டில் ஒருவர் மறுப்பார், நியூஜெர்சியில் ஒருவர் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார். முன்பின் பார்த்தே இராதவர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட காலம் அது.

அந்தக் கூட்டத்தில் டோண்டு ராகவன் என்று ஒருவர் இருந்தார். சென்னைக்காரர், பொறியாளர், ஜெர்மனும் பிரெஞ்சும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். வயதில் மூத்தவர். அவருடைய கருத்துகள் பலருக்கு ஒத்துப் போகாது, சண்டைக்கும் சளைக்க மாட்டார். ஆனால் எழுதுவதெல்லாம் சொந்தப் பேரில், சொந்தப் படத்தோடு. 2005 வாக்கில் திடீரென்று அவர் பேரிலும் படத்திலும் கண்ட கண்ட பதிவுகளில் ஆபாச வசவுகள் வந்து விழ ஆரம்பித்தன. எழுதியது அவர் இல்லை. தமிழ் இணையத்தில் ‘போலி டோண்டு’ என்று பேர் வாங்கின விவகாரம் இதுதான்.

இப்படி ஆள்மாறாட்டம் பண்ண எப்படி முடிந்தது என்று கேட்டால், வெகு சுலபமாக. வலைப்பதிவுத் தளமான பிளாக்கரின் அன்றைய மறுமொழிப் பெட்டியில் ‘அதர்’ என்று ஒரு வசதி இருந்தது. அதில் எந்தப் பேரை வேண்டுமானாலும் அடித்து, எந்த முகவரியை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். கேட்பார் கிடையாது. இல்லையென்றால் அதே பேரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, அதே போட்டோவைப் பிரதி எடுத்து மாட்டிவிடலாம். முதல் வழியில் முகவரி சரியாக இருக்கும், படம் வராது. இரண்டாவது வழியில் படம் வரும், கணக்கு எண் மாறியிருக்கும். அதனால் ராகவன் ஒரு சோதனை முறையையே வகுத்தார். மறுமொழியில் என் படம் தெரிய வேண்டும். பேரின் மேல் மவுஸ் எலிக்குட்டியைக் கொண்டுபோனால் என் கணக்கு எண் தெரிய வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போன பிறகு, நான் எழுதின மறுமொழியின் நகல் என் சொந்தப் பதிவிலும் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் அது நான். இப்படிச் சொன்னதோடு நிற்காமல், ஊரெல்லாம் போய் எழுதின மறுமொழி ஒவ்வொன்றையும் திரும்பி வந்து தன் பதிவில் ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. போலிக்கு வேலை ஒரு நிமிஷம். உண்மையான ஆளுக்கோ ஒவ்வொரு நாளும் வேலை. பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி, தான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தானே சாட்சி வைக்க வேண்டியிருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய மறுமொழியைத் தங்கள் பதிவில் அனுமதித்தவர்களுக்கும் வசவு வந்தது. "வம்பு எதுக்கு" என்று ஒதுங்கியவர்கள் உண்டு. போலிக்கு வேண்டியதும் அதுதான். விவகாரம் காவல்துறை வரைக்கும் போனது. மறுமொழிகளை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கிற மட்டுறுத்தல் ஏற்பாடு தமிழ்ப் பதிவுகளில் பரவியதற்கு இந்த ரகளைதான் பெரிய காரணம். வீட்டுக் கதவைத் திறந்தே போட்டிருந்த ஊர் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தது. ராகவன் 2013 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவரோடு கடைசி வரை கருத்தில் மோதியவர்கள்கூட, இந்த விஷயத்தில் அவர் ஓடி ஒளியாமல் நின்றதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டோண்டு ராகவனிடம் கணினி இருந்தது, விஷயம் தெரிந்திருந்தது, பேசத் தெம்பும் இருந்தது. இவை எதுவும் இல்லாத ஒருத்தருக்கு இது நடந்தால்?

2016 ஜூன் மாதம், சேலம் மாவட்டம். 21 வயது, வேதியியல் பட்டதாரிப் பெண். அவருடைய முகத்தை வேறொரு ஆபாசப் படத்தில் ஒட்டி யாரோ முகநூலில் போட்டார்கள். குடும்பம் காவல்துறையிடம் போனது. படம் இறங்கவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு இளைஞனைப் பிடித்துவிட்டார்கள். விசாரணைக்கு லஞ்சமாகச் செல்போன் வாங்கினார் என்று ஒரு காவலர் மேல் புகார் வந்து, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தாமதத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பெண் வீட்டாரிடமும் வெளியாரிடமும் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான்: "அது நான் இல்லை." அதை நம்புவதற்கு அவரைச் சுற்றி எத்தனை பேர் தயாராக இருந்தார்கள் என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. படத்தை ஒட்டினவன் மேல் வர வேண்டிய சந்தேகத்தை நம்ம ஆட்கள் முதலில் படத்தில் இருக்கிற பெண் மேல்தான் வைக்கிறார்கள். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று ஒரு பழமொழியை எடுத்து நீட்டுவார்கள். கணினியில் நெருப்பே இல்லாமல் புகையை உண்டாக்கலாமுங்க. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, குரலையும்கூட உண்டாக்கலாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது இந்த மாதிரி நெருக்கடியில் மனது ஒடிந்துபோயிருந்தால் 14416 அல்லது 104 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

தனி மனிதர் மட்டும் இல்லை, ஒரு ஊரையே இப்படி மாட்டிவிட முடியும். 2023 மார்ச் தொடக்கத்தில் திருப்பூருக்கு அதுதான் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. இரண்டு வீடியோக்களைப் பற்றி நம்ம மாநில டிஜிபி விளக்கம் கொடுத்தார். ஒன்று, பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். தலைப்பை மாற்றிப் போட்டதும் கதையும் மாறிவிட்டது. இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. அடிபட்ட தொழிலாளர்கள் என்று கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் பேசிய ஒரு வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுத்தது என்று பீகார் காவல்துறையே கண்டுபிடித்துச் சொன்னது.

ஹோலி நேரம் வேறு. ஊருக்குக் கிளம்பின கூட்டமெல்லாம் பயந்து ஓடுகிற கூட்டமாகச் சொல்லப்பட்டது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையனுக்கு ஊரிலிருந்து ஓயாமல் போன். "உயிரோடு இருக்கியா, கை கால் நல்லா இருக்கா" என்று அம்மா அழுகிறார். தன் கையும் காலும் சுகம் என்று அவன் வீடியோ அழைப்பில் நின்று காட்ட வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்து விசாரித்துப் போனார்கள். எங்கேயோ ஒரு அறையில் நடித்தவர்களுக்கு அரை நாள் வேலை. அதைப் பொய் என்று காட்ட இரண்டு மாநில அரசுகள் மெனக்கெட்டன.

அதிகாரத்தில் இருப்பவரையும் இது விடுவதில்லை. 2022-இல் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபுவின் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைத்து, காவல்துறை அதிகாரிகளிடமே பரிசுக் கூப்பன் வாங்கி அனுப்பச் சொல்லிச் செய்தி வந்தது. அவர் முன்பு நம்ம கோவை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர். "அது நான் இல்லை" என்று கடைசியில் அவரும்தான் சொல்ல வேண்டியிருந்தது. டிஜிபிக்கே அந்த நிலை என்றால், சோமனூர் தறிக்காரருக்கு என்ன நிலை?

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு கணினி வழியாக ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாற்றுகிறவனுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுத்துகிற மாதிரி எழுதினாலே குற்றம் என்று 66-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அதை 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. நான் அதை வரவேற்கிறேன். காரசாரமாகப் பேசுவது வேறு, அடுத்தவர் முகத்தை மாட்டிக்கொண்டு பேசுவது வேறு. கேலியைப் பிடித்து உள்ளே போடுகிற சட்டம் இருந்தால், நம்ம ஊரில் பாதிப் பேர் ஜெயிலில்தான் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு அட்மினுக்கும் ஒரு பயம் உண்டு, எவனோ எதையோ போட்டால் தன் தலை உருளுமோ என்று. இது நம்ம கரூரிலிருந்தே நீதிமன்றத்துக்குப் போன விஷயம். அங்கே வழக்கறிஞர்கள் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர் போட்ட செய்திக்காக அட்மினையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வெறும் அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்று தெரிந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பேரை எடுத்துவிட வேண்டும் என்றது. ஆக, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தர் பேரில் கோணலாக ஒரு செய்தி வந்தால், குழுவில் நூறு பேர் விவாதம் பண்ணுவதற்கு முன்னால் அட்மின் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். "ஏனுங் மாமா, இது நீங்க போட்டதுங்களா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

புகார் கொடுக்கும்போது பல பேர் போலிக் கணக்கின் பேரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பேரை அவன் அடுத்த நிமிஷமே மாற்றிவிடுவான். கணக்கின் இணைப்பைத்தான் எடுத்து வைக்க வேண்டும். அதோடு தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன்னால் ஆத்திரத்தில் அவனோடு சண்டைக்குப் போக வேண்டாம், உஷாராகி எல்லாவற்றையும் அழித்துவிடுவான். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மற்றதற்கு மாவட்டத்துச் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. முகநூல், இன்ஸ்டாகிராம் மாதிரியான நிறுவனங்களுக்கும் நேரடியாகப் புகார் பண்ணலாம். ஆள்மாறாட்டம், முகத்தை ஒட்டின படம் என்றால் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் வந்த விதிகள் அவர்களுக்குக் கெடு வைத்தன. சேலத்துப் பெண்ணின் காலத்தில் அந்தக் கெடு இல்லை. அதே விதிகளில் பல பேர் கவனிக்காத ஒரு வரியும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே வந்து புகார் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அவர் சார்பாக வேறொருத்தரும் கொடுக்கலாம். அவமானத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்காக அண்ணன் கொடுக்கலாம், டீச்சர் கொடுக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவும் கொடுக்கலாமுங்க.