வாரியத்தார் கடமை



திருவாடானை என்ற பெயரைக் கேட்டவுடன் ஆதிரத்தினேசுவரர் கோயிலின் கோபுரம் பலருக்கு நினைவு வரும். எனக்கு முதலில் நினைவு வருவது அவ்வூரின் பேருந்து நிலையமே. அதற்குக் காரணம் உண்டு. திருவாடானைக்கு இருப்புப்பாதை கிடையாது. மேற்கே தேவகோட்டைக்கோ, கிழக்கே கடற்கரையிலுள்ள தொண்டிக்கோ, தெற்கே இராமநாதபுரத்துக்கோ செல்ல வேண்டியவர் யாராயினும் சாலையை நம்பியே செல்ல வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர் பேருந்தை நம்பியே செல்ல வேண்டும். நான் பிறந்த சிற்றூர் அந்நகருக்குச் சில கல் தொலைவில் உள்ளது. நாங்கள் பள்ளியில் பயின்ற நாளில், மாலையில் வரும் கடைசிப் பேருந்தின் ஓசையைக் கேட்ட பிறகுதான் என் தாயார் உலை வைப்பார். என் பெரியப்பாவின் மகளுக்குத் தேவகோட்டையில் கல்லூரிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, வீட்டில் எழுந்த கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியதன்று. "சாயங்காலம் திரும்பி வர வண்டி இருக்கிறதா?" என்பதே பெரியப்பா கேட்ட ஒரே கேள்வி. வண்டி இருந்தது, அக்காள் படித்தார், பிறகு ஆசிரியையும் ஆனார். அந்த வண்டி இல்லாதிருப்பின் அவர் வாழ்க்கை எவ்வாறு அமைந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அந்த வண்டி ஓடவேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? ஓட்டுநர் அல்லர், நடத்துநரும் அல்லர். பணிமனை மேலாளர் தமக்கு வந்த கால அட்டவணையை நடைமுறைப்படுத்துபவரே. அவருக்கு மேலே மண்டலப் பொது மேலாளரும், அவருக்கும் மேலே மேலாண் இயக்குநரும் இருக்கின்றனர். அந்த மேலாண் இயக்குநரை நோக்கி, "ஏன் செய்தீர்? ஏன் செய்யாது விட்டீர்?" என்று கேட்கும் கடமை உடையது இயக்குநர் வாரியம் என்னும் குழு. பயணச்சீட்டில் அதன் பெயர் இராது. பேருந்து நிலையத்தில் அதன் உறுப்பினரை யாரும் கண்டிருக்கமாட்டார். அக்குழுவின் கடமையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

வாரியம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. உத்திரமேரூரிலுள்ள முதற் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டும் ஏறத்தாழ கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனப் பல குழுக்களைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. குடவோலையின் சிறப்பை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஆனால், என்னை வியக்க வைப்பது வேறொரு விதி. முன்பு ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடத் தகுதியற்றவை என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. தேர்ந்தெடுக்கும் முறையைக் காட்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவரைக் கேள்வி கேட்கும் முறையில் அவ்வூரார் கூடுதலாகக் கருத்துச் செலுத்தினர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏரி வாரியத்தைச் சொல்லும்போது எங்கள் பக்கத்து இராஜசிங்கமங்கலம் கண்மாய் நினைவுக்கு வருகிறது. நாற்பத்தெட்டு மடை என்று பழமொழியிலே பேசப்படும் பெருங்கண்மாய் அது. ஒரு கண்மாயைக் கண்காணிக்கும் பெரியவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைதோறும் ஓடினால், மடை திறப்பவனுக்கு வேலையும் இல்லை, பொறுப்பும் இல்லை. அதற்காக அவர்கள் திண்ணையிலே படுத்துக்கொண்டால் ஒரே மழையில் கரை உடைந்து போகும். அவர்கள் பார்க்க வேண்டியவை சில: கரை திடமாக உள்ளதா, நீர் எவ்வளவு, முறை தவறாமல் பங்கிடப்படுகிறதா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பவை. போக்குவரத்துக் கழகத்தின் வாரியத்துக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியாக இல்லை.

இனி, நம் நாட்டுக் கழகங்களின் வரலாற்றைச் சிறிது காண்போம். தென்னாட்டிலே கிராமப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிப் புகழ் பெற்றவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவருடைய நிறுவனத்து வண்டி வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைச் சீமையின் முதியவர் கூறுவர். அத்தகைய ஒழுங்கு எல்லா முதலாளிகளிடமும் இருந்ததில்லை. ஆள் நிரம்பினால்தான் புறப்படும் வண்டிகளும் உண்டு. ஆதாயமில்லாத ஊரின் பெயரையே அறியாத வண்டிகளும் உண்டு. 1950ஆம் ஆண்டில் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டம் என்னும் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. மக்களுக்குத் திறமையும் போதுமான அளவும் சிக்கனமும் ஒருங்கிணைப்பும் உடைய போக்குவரத்தை அளிப்பது கழகத்தின் கடமை என்று அதன் 18ஆம் பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு வணிக நெறிப்படி நடக்கவேண்டும் என்கிறது. ஆளில்லாத ஊருக்கும் வண்டி விடு. ஆனால் கணக்கிலே நட்டம் காட்டாதே என்கிறது சட்டம்! இவ்விரண்டையும் இணைத்துச் செல்வதற்காகவே ஒரு வாரியம் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அச்சட்டத்தின் வழியைப் பின்பற்றவில்லை; கம்பெனிச் சட்டத்தின் கீழ் அரசு நிறுமங்களாகக் கழகங்களை அமைத்தது. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் ஆகியவை தோன்றின. பின்னர்க் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருது பாண்டியர் கழகம் எழுந்தது. 1997இல் ஒரு புதிய கழகத்துக்குச் சூட்டிய பெயரை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அதனால் தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயரைப் பெற்றன. இன்று திருவாடானை வண்டிகள் கும்பகோணம் கழகத்தின் காரைக்குடி மண்டலத்தைச் சேர்ந்தவை. திருச்சிராப்பள்ளியும் கரூரும் நாகப்பட்டினமும் புதுக்கோட்டையும் அதே வாரியத்தின் கண்காணிப்பில் உள்ளன. அவ்வளவு பெரிய பரப்பிலே ஓர் ஓரத்துச் சிற்றூரின் மாலை வண்டி வாரியத்தார் கண்ணில் எப்படிப் படும்? கடைமடை என்று நான் சொன்னது இதைத்தான்.

நிறுமச் சட்டம் வாரியத்தாருக்கு விதிக்கும் கடமைகள் தெளிவானவை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர் ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் தம் சுய அறிவைக் கொண்டும் நடக்கவேண்டும் என்றும், சொந்த நலன் கழகத்தின் நலனோடு மோதும் நிலையில் சிக்கலாகாது என்றும் கூறுகிறது. வாரியம் ஆண்டுக்கு நான்கு முறையேனும் கூடவேண்டும். இரு கூட்டங்களுக்கு இடையே 120 நாட்களுக்கு மேல் செல்லலாகாது. அரசு நிறுமமாதலின் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலர். ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பெறவேண்டும். ஏட்டளவில் குறை சொல்ல இடமில்லை.

நடைமுறையிலோ ஒரு சங்கடம் இருக்கிறது. நம் கழகங்களின் இயக்குநர் பெரும்பாலும் அரசு அலுவலரே. துறைச் செயலாளரே தலைவராக அமைவது வழக்கம். பயணக் கட்டணத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் வாரியத்தின் கையில் இல்லை. அது அரசின் முடிவு. 2018 சனவரியில் கட்டணத்தை உயர்த்தியதும் அரசே. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று ஆணையிட்டதும் அரசே. பின்னது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நேரில் அறிவேன். ஆனால், சலுகையை அரசு அறிவித்தால், அதனால் குறையும் வருவாயை அரசு ஈடு செய்கிறதா, உரிய காலத்தில் செய்கிறதா என்று கேட்பது வாரியத்தின் கடமையாகும். கேட்கவேண்டியவரும் கேட்கப்படுபவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தால் கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

இலண்டன் மாநகரத்தார் 1933இல் தங்கள் போக்குவரத்து வாரியத்தை அமைத்தபோது இவ்வினாவை எதிர்கொண்டனர். அமைச்சர் நேராக உறுப்பினரை நியமிக்கவில்லை. மாநகர் மன்றத் தலைவர், வழக்கறிஞர் சங்கத் தலைவர், கணக்காயர் சங்கத் தலைவர் முதலியோர் அடங்கிய தனிக் குழு ஒன்று உறுப்பினரைத் தேர்ந்தது. அந்த முறை நீண்ட நாள் நிலைக்கவில்லை. எனினும், நியமிப்பவருக்கு நாவடங்காதவரே கண்காணிக்கத் தக்கவர் என்ற கருத்து அதிலே இருந்தது.

நம் நாட்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1957 சூன் மாதத்தில், ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்திரா என்னும் வணிகரின் கம்பெனிப் பங்குகளை ஒரு கோடியே 24 இலட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. கழகத்திற்கு ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதனைக் கலந்துகொள்ளவே இல்லை. நாடாளுமன்றத்திலே பெரோசு காந்தி இதனைக் கிளப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேட்கவேண்டிய குழுவைக் கேளாது விட்டதன் விலை அது.

கேட்க வேண்டிய குழு கேட்காமல் இருந்தாலோ? உயிரே விலையாகும். 2009 சூன் 22ஆம் நாள் அமெரிக்காவின் வாசிங்டன் நகரில் மெட்ரோ இரயில் ஒன்று, நின்றுகொண்டிருந்த மற்றோர் இரயிலின்மேல் மோதியது, ஒன்பதின்மர் இறந்தனர். தண்டவாளத்தின்மேல் இரயில் நிற்பதை உணர்த்தவேண்டிய மின்கருவி உணர்த்தத் தவறியது. 2005லேயே வேறோரிடத்தில் இத்தகைய பழுது தோன்றிப் புதிய சோதனை முறை வகுக்கப்பட்டிருந்தது. அம்முறை வேலை செய்வோரைச் சென்றடையவில்லை. விசாரணை செய்த தேசியக் குழு, காரணங்களை வரிசைப்படுத்துகையில் கருவியோடு நின்றுவிடவில்லை. இயக்குநர் வாரியத்தின் பாதுகாப்பு மேற்பார்வை பயனற்றிருந்தது என்பதையும் ஒரு காரணமாக எழுதியது. தண்டவாளத்தை ஒருநாளும் தொட்டிராதவர்களின் பெயர் விபத்தறிக்கையில் ஏறிய செய்தி இது. நம் வாரியக் கூட்டங்களிலும் தடைக்கட்டை எத்தனை மாற்றப்பட்டது, ஓட்டுநருக்கு ஓய்வு எத்தனை மணி நேரம் கிடைத்தது என்பவை வருவாய்க் கணக்குக்கு முன்னே பேசப்படவேண்டும் என்பது என் கருத்து.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2018 சனவரியில் நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், ஓய்வு பெற்றோருக்கு வரவேண்டிய நிலுவையும் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. ஊழியரின் ஊதியத்தில் பிடித்த பணம் கழகத்தின் பணமன்று, ஒப்படைத்த பொருள். டீசலுக்குப் பணமில்லை என்பதால் அதில் கைவைக்கலாமா என்ற கேள்வி எழும்போது, மேலாளர் அன்றைய வண்டியை ஓட்டுவதைத்தான் நினைப்பார். பத்தாண்டு கழித்து ஓய்வு பெறப்போகும் நடத்துநரை நினைக்கவேண்டியவர் வாரியத்தாரே.

கணக்கிலே இன்னொரு மயக்கம் இருக்கிறது. மாணவராகிய உங்களுக்கு இது நன்கு விளங்கும். ஒரு பணிமனை நாளொன்றுக்கு 100 நடை ஓட்டவேண்டும் என்றும், 96 நடை ஓட்டியது என்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! எந்த வாரியமும் மகிழ்ந்து கையொப்பமிடும். ஆனால், ஓடாத அந்த நான்கும் நாள்தோறும் மாறி மாறி வருபவையா, அன்றி எப்போதும் அதே நான்கு ஊர்களின் கடைசி நடையா? முன்னதாயின் அது பழுது. பின்னதாயின் அந்த நான்கு ஊருக்கும் கழகமே இல்லை. இரண்டுக்கும் சதவீதம் ஒன்றே. சராசரியைப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது, "எந்த நான்கு?" என்று கேட்பவருக்கே தெரியும். அவ்வினாவைக் கேட்கப் பொறியியலும் வேண்டா, பொருளியலும் வேண்டா.

அவ்வினாவை நீங்களும் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் ஊர் வழித்தடத்தில் கடந்த திங்களில் எத்தனை நடை நீக்கப்பட்டன என்பதைப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேட்கும் உரிமை உங்களில் ஒவ்வொருவருக்கும் உண்டு. விடை வருவதற்கு முப்பது நாள் ஆகலாம். பேருந்துக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு அது பெரிதன்று!

அண்மையில் ஒரு வியாழக்கிழமை மாலை திருவாடானையில் இறங்கினேன். திருவெற்றியூர்ப் பாகம்பிரியாள் கோயிலில் இரவு தங்குவதற்காக வந்த கூட்டம் நிலையத்தில் நெரிந்துகொண்டிருந்தது. ஒருபுறம், அந்தக் கூட்டத்தில் சேராது, புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஐந்தாறு பெண்பிள்ளைகள் நின்றார்கள். அவர்கள் எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் ஊருக்கும் அப்பாலுள்ள ஒரு சிற்றூரைச் சொன்னார்கள். வண்டி எத்தனை மணிக்கு என்றேன். "ஏழு மணிக்குங்கய்யா" என்றாள் ஒருத்தி. நானும் அவர்களோடு நின்றேன். ஏழு அடித்துச் சில நிமிடங்கள் கழித்து, தேவகோட்டைச் சாலையிலிருந்து அதன் விளக்கொளி திரும்பி வந்தது.